எழுபத்தாறு புளியங்கொட்டையும் மூன்று இலையும்

காத்தாயிக்குத் தருமன் நூற்று நாற்பது ரூபாய் கடன். தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கடன். அதைக் கடன் என்று தருமன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

சமையல் மாஸ்டர் தருமன் யார் என்று ஆரணியில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த ஆள் வெளியூர் என்று அர்த்தம். மூன்றாவது வகுப்போடு பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, பன்னிரண்டு வயதில் தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். ஒரு சமையல்காரரிடம் விறகு பிளக்கச் சேர்ந்தார். அடுப்புப் பக்கம் நிற்கவிட மாட்டார்கள். பின்பக்கம் விறகு பிளக்கணும், அண்டா தேய்க்கணும், கடைசிப் பந்தியில் மிஞ்சியதைத் தின்னணும். அப்படி வந்த ஆள் இன்றைக்கு இருபத்தெட்டு அண்டாவுக்குச் சொந்தக்காரர். சொந்த லோடு வண்டி. இரண்டு மாடி வீடு, மேல்மாடிக்கு வாடகைக்கு ஆள்.

"எவன் காசும் இல்ல, எவன் சிபாரிசும் இல்ல. இந்தக் கை ரெண்டு, இந்த நாக்கு ஒண்ணு" என்று நீட்டிக் காட்டுவார். நாக்கையும்தான் நீட்டுவார்.

சும்மா பெருமை இல்லை. அறுபத்தாறு வயதில் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் போதும், எத்தனை இலை விழும் என்று சொல்லிவிடுவார். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையா? அன்றைக்கே ஊரில் வேறு எத்தனை மண்டபத்தில் மேளம்? வந்தவாசிப் பக்கம் நடவு முடிந்துவிட்டதா? பிள்ளைகளுக்குப் பரீட்சையா? பெண் வீட்டுக்கும் பங்காளிக்கும் பேச்சு இருக்கிறதா? எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுக் கலக்கி, "அறுநூத்தி அம்பது" என்பார். அறுநூற்று நாற்பத்தைந்து விழும். அவர் சமைத்த பந்தியில் "சாப்பாடு தீந்துடுச்சி" என்ற சொல்லை எவர் வாயும் சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னவனுக்கு நாக்கு செத்துப்போச்சு என்பார் தருமன்.

இனி அந்த நூற்று நாற்பது.

காத்தாயி எச்சில் இலை எடுக்கிறவள். மாசக்கூலி, நாள்கூலி கிடையாது. இலைக்கு இவ்வளவு என்று கூலி. பத்து இலை கூடையில் விழுந்தால் ஒரு புளியங்கொட்டை இடுப்புச் சுருக்குப்பையில் விழும். அதுதான் அவள் கணக்கு. தருமன் தனியாக எடுத்துச் செய்த முதல் கல்யாணம் சந்தவாசலில் நடந்தது. பெண் வீட்டுக்காரன் ஐந்நூறு பேர் என்று பேசி, ஐந்நூறு இலைக்குக் காசு கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். காத்தாயி கொட்டையைக் கீழே கொட்டி எண்ணி, "எழுநூத்தி எம்பது இலை" என்றாள். அப்போது இலைக்கு ஐம்பது காசு.

"உன் புளியங்கொட்டை இன்னா சர்க்கார் முத்திரையா? ஐநூறுக்குத்தான் காசு" என்றார் தருமன். இருநூற்று ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். இருநூற்று எண்பது இலைக்குக் காசு நின்றுபோனது.

காத்தாயி சண்டை போடவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு எண்ணிக்கையை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாஸ்டர் சொன்ன கணக்குக்குக் கொடுத்ததை வாங்கி முடிந்துகொள்வாள். ஆனால் கொட்டை போடுவதை நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தருமன் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். அதோடு சரியாகிவிட்டது என்று அவர் கணக்கு.

போன தை மாசத்துக்கு வருவோம்.

பட்டு மாளிகை சக்கரவர்த்தி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அவர் மகன் கிரண், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தருமனுக்கு அந்த வீட்டில் மூன்றாவது கல்யாணம் இது. மூத்த பெண்கள் இருவருக்கும் அவர்தான் சமைத்தார். அதனால் தேங்காய் பழத்தட்டோடு சக்கரவர்த்தியும் அவர் சம்சாரம் தேவகியும் வந்து நிற்பார்கள் என்று சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மருமகள் சத்யப்ரியா சமையலறையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, பத்திரிகை வந்துடுச்சி."

"எங்க?"

"இதுல."

திரையில் ரோஜாப்பூ கொட்டியது. புல்லாங்குழல் ஊதியது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பாறைமேல் முதுகுக்கு முதுகு சாய்ந்து நின்றார்கள், சண்டை போட்டவர்கள் மாதிரி. இன்னும் இத்தனை நாள், இத்தனை மணி, இத்தனை நொடி என்று ஒரு கடிகாரம் பின்பக்கமாக ஓடியது. அதற்குக் கீழே பச்சைப் பொத்தான். அமுக்கினால் கேள்வி. பெயர் என்ன, போன் நம்பர் என்ன, வருவீர்களா மாட்டீர்களா, எத்தனை பேர், என்ன சாப்பாடு, எந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாது. எல்லாம் எழுதி அனுப்பினால் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதை வாசலில் காட்டினால்தான் உள்ளே.

தருமன் கைப்பேசியைத் திருப்பி நீட்டினார்.

"வருவியா மாட்டியான்னு கேக்கறானா? கல்யாணத்துக்குக் கூப்பிடறவன் கேக்கற கேள்வியா இது? ஆஸ்பத்திரில டோக்கன் போடறவன்கூட மரியாதையா கேப்பான்."

"எல்லாரும் இப்ப இப்படித்தான் மாமா பண்றாங்க. எத்தனை பேருன்னு தெரிஞ்சா சாப்பாடு வீணாகாதுல்ல?"

"சாப்பாடு வீணாகாம பாத்துக்க நான் ஒருத்தன் செத்தா போயிட்டேன்?"

மறுநாள் சக்கரவர்த்தி கடைக்கே போனார். முன்னால் சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் கிரண் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டான். ஆனால் பேச்சு முழுக்க அந்தப் பெட்டியைப் பார்த்தே.

"மாஸ்டர், நானூத்திப் பன்னெண்டு பேர் பதிவு பண்ணியிருக்காங்க. இதுலயும் எல்லாரும் வர மாட்டாங்க. எங்க கம்பெனி நிகழ்ச்சிக்கெல்லாம் இதேதான் பயன்படுத்தறோம். நூறு பேர் பதிவு பண்ணா எழுபது பேர்தான் வருவாங்க. இருந்தாலும் நானூத்தி இருபது இலைக்கு ஏற்பாடு பண்ணிடுங்க."

"தம்பி, உங்க கம்பெனிக்கு வர்றவன் பிஸ்கெட்டு திங்க வர்றான். இது ஆரணி."

"டேட்டா சொல்லுது மாஸ்டர்."

சக்கரவர்த்தி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "புள்ள இத்தனை நாள் கண்ணு முழிச்சு பண்ணிகினு கீறான் தருமா. அவன் சொல்ற மாதிரி பண்ணிடேன்" என்றார். மூத்த பெண் கல்யாணத்தில் "நீ சொல்றதுதான்யா கணக்கு" என்று தோளில் தட்டிய அதே கை இப்போது காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. தருமனுக்கு அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுத்தவர் நேராக எதிர்வீட்டுத் துரையிடம் போனார். துரை தறிக்காரன். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் துரை, சக்கரவர்த்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன்ல எழுதி அனுப்பினியா?"

"அனுப்பிட்டேனே ண்ணா. பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சி."

"எத்தனை பேருன்னு போட்ட?"

"ஒண்ணு."

"ஒண்ணா? உன் வீட்ல ஏழு பேரு கீறீங்களேடா?"

துரை தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தான். "வீட்டுக்கு ஒரு மொய்தானே ண்ணா எழுதுவோம்? ஒரு வீடு, ஒரு பேரு. மொய்க்குத்தான் முன்னாடியே பேர் வாங்கிக்கறாங்கன்னு நெனச்சேன். ஏழு பேருன்னு போட்டா ஏழு மொய் கேட்டுட்டா? அப்புறம், புள்ளைங்கள எண்ணி எண்ணி யார்னா எழுதுவாங்களா? எங்கம்மா வெளக்குமாத்தாலயே போடும்."

தருமன் அந்தத் தெருவில் எட்டு வீடு ஏறி இறங்கினார். ஆறு வீட்டில் ஒன்று. ஒரு வீட்டில் பூஜ்யம். "வரேன்னு அவங்களுக்குத் தெரியாதா, இத்தப் போயி எழுதணுமா?" என்று சொன்னவன் வீட்டிலிருந்து ஐந்து பேர் புறப்படத் தயாராக இருந்தார்கள். மீதி ஒரு வீட்டுக்குப் போனே கிடையாது.

ஆக, அந்தப் பெட்டியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு என்பது தலைக்கணக்கு இல்லை, மொய்க்கணக்கு. பெங்களூரிலிருந்து வரும் கம்பெனிக்காரர்கள் மட்டும் சரியாக எழுதியிருப்பார்கள். மற்றதெல்லாம் வீடு.

திரும்பப் போய்ச் சொன்னார். கிரண் சிரித்தான்.

"அவ்வளவு தெளிவா கேள்வி கேட்டிருக்கோம் மாஸ்டர். 'உங்கள் குடும்பத்திலிருந்து எத்தனை பேர்' அப்படீன்னு தமிழ்லயே இருக்கு. படிச்சுப் பாக்காமயா போடுவாங்க? உங்களுக்கு இலை ஜாஸ்தியானா லாபம், எனக்குப் புரியுது..."

அங்கேதான் வந்தது வினை. தருமனை எதுவும் சொல்லலாம். கறுப்பு என்று சொல்லலாம், படிக்காதவன் என்று சொல்லலாம். இலைக்கணக்கில் காசு அடிப்பவன் என்று ஒரு வாய் சொன்னதில்லை.

"சரி தம்பி. எண்ணூறு இலைக்கு ஆக்கறேன். நானூத்தி இருபதுக்கு மேல ஆக்கறதெல்லாம் என் காசு. மிஞ்சினா என்னோடது, நாயிக்குப் போட்டுட்டுப் போறேன். சாப்புட்ட இலைக்கு எண்ணி காசு குடு. இலைக்கு நூத்தி எம்பது. ஒரு இலைக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

"டீல்" என்றான் கிரண், கையை நீட்டி. தருமன் அந்தக் கையைத் தொடவில்லை.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, மேலும் கிட்டத்தட்ட நானூறு இலைக்கு மளிகை, காய், அரிசி, நெய், பால் வாங்கக் கையில் ரொக்கம் இல்லை. வண்டிக்குத் தவணை கட்டிய மாசம் அது. சத்யப்ரியா இரண்டு வளையலையும் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு சாயங்காலமே மூட்டுட்டு வந்துடணும் மாமா. வரலன்னா அந்த அண்டா வளையத்தக் கழட்டி எனக்கு மாட்டி விடுங்க."

"இந்தத் தருமன் கணக்கு என்னிக்கும்மா தப்பாச்சி?" என்றார். ஆனால் அடகுக்கடைப் படியில் ஏறும்போது கால் கொஞ்சம் கூசத்தான் செய்தது. இத்தனை வயதில், ஒரு பச்சைப் பொத்தானுக்காக மருமகள் வளையல் அடகுக்கு.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்கும் இரண்டு பையன்கள், கையில் போன். வருகிறவர்களை நிறுத்திக் கட்டப் படத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினால் "டிங்" என்றது. காட்டாதவர் வெயிலில் நின்றார். அடுப்பை ஆட்களிடம் விட்டுவிட்டுத் தருமன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வந்தவாசி பஸ்ஸில் இறங்கிய முப்பது பேர், பட்டுப்புடவையும் பித்தளைத் தட்டுமாக, ரேஷன் கடையில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். போன் வீட்டில் இருக்கிறது என்றார் ஒருவர். சார்ஜ் இல்லை என்றார் ஒருவர்.

துரை குடும்பத்தோடு வந்தான். போனைக் காட்டினான். டிங்.

"நீங்க போங்க. மத்தவங்களுக்குப் பதிவு இல்லியே" என்றான் அட்டைப் பையன்.

"அப்ப என் பொண்டாட்டி புள்ளைங்கள இங்க கட்டிப் போட்டுட்டு நான் மட்டும் உள்ள போயி கொட்டிகினு வரணுமா?"

"சார், சிஸ்டத்துல ஒண்ணுன்னு..."

"யோவ், மொய் ஒண்ணுய்யா! வயிறு ஏழு!"

கூட்டம் சிரித்தது. ஆனால் துரை சிரிக்கவில்லை. மொய்க்கவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கயிற்றுக்கு மேலாக நீட்டி, "இத்த உள்ள குடுத்துடு, நாங்க போறோம்" என்றான். அவன் பெண்டாட்டி அதற்குள் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். தருமனுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. நல்ல வேளை, மாப்பிள்ளையின் அம்மா தேவகி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் கயிற்றை அவிழ்த்து எறிந்தாள்.

"ஐயோ, வாங்க வாங்க! துரை, உள்ள வாப்பா. அம்மா, நீங்க வாங்க. யார்ரா இது கயிறு கட்டினது? எடுங்கடா அந்தப் போன!"

அதோடு டிங் நின்றது. எத்தனை பேருக்கு டிங் அடித்ததோ அத்தனையோடு அந்தப் பெட்டியின் கணக்கு நின்றுபோனது. இதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. தருமனும்தான்.

பதினொன்றரைக்கு முதல் பந்தி. கூடம் பந்திக்கு நூற்று நாற்பது பேர் கொள்ளும். நூற்று நாற்பதும் நிரம்பி, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் நின்றார். இரண்டாம் பந்தி அப்படியே. மூன்றாம் பந்தியில் கிரண் ஒருதரம் உள்ளே வந்து பார்த்தான், முகம் வெளுத்து. தருமன் சாதக் கூடைக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். "மோர்க்குழம்பு இந்தப் பக்கம், ஜல்தி!" என்று மட்டும் ஆளைப் பார்த்துக் கத்தினார், கிரண் காதில் விழும்படி.

ஆறாவது பந்தியில் பாதிக் கூடம். அதோடு ஓய்ந்தது. அண்டாவில் ஒரு முப்பது பேருக்குச் சாதம் நின்றது. பாயசம் ஒரு தூக்கு. அவ்வளவுதான் மிச்சம். நானூற்று இருபதுக்கு ஆக்கியிருந்தால் மூன்றாம் பந்தி முடியும்போதே ஊரில் அந்த வீட்டின் மானம் போயிருக்கும். தருமன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கணக்கு முடிக்கப் போனார்.

மணமேடைக்குப் பக்கத்து அறையில் கிரண் மாலையோடு உட்கார்ந்திருந்தான். சக்கரவர்த்தி மொய்ப்பணத்தை நோட்டு நோட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மொய் நோட்டு எழுதிய அருள்மணி மூடியைப் பேனாவில் செருகிக்கொண்டிருந்தார்.

"எழுநூத்தி எழுபத்திரண்டு இலை. ஆயிரம் வாங்கினேன், எரநூத்தி இருவத்தெட்டு இலை போடாம மிச்சம் கீது" என்றார் தருமன்.

கிரண் போனைத் தடவினான். "மாஸ்டர், இதுல நூத்தி எண்பத்தேழுதான் காட்டுது."

"இன்னா நூத்தி எம்பத்தேழு?"

"வாசல்ல ஸ்கேன் ஆனது. சரி, அம்மா நடுவுல நிறுத்திட்டாங்க, ஒத்துக்கறேன். அதனால பதிவு பண்ண நானூத்திப் பன்னெண்டுக்கும் முழுசா குடுத்துடறேன். ஆனா எழுநூத்தி எழுபத்திரண்டுக்கு என்ன ப்ரூஃப்? வாங்கின இலையெல்லாம் போட்ட இலைன்னு எப்படி எடுத்துக்கறது?"

"கண்ணால பாக்கல நீ? பந்தி பந்தியா நின்னாங்களே?"

"கூட்டமா இருந்துச்சு, பாத்தேன். எண்ணிக்கை தெரியாதுல்ல? நாமதான் பேசினோம், சாப்பிட்ட இலைக்கு எண்ணிக் காசுன்னு."

முந்நூற்றைம்பது இலைக்கு மேல் காசு நிற்கிறது. அறுபதாயிரத்துக்கு மேல். வளையல் அதற்குள் இருந்தது. தருமனுக்குக் காது சுட்டது. சக்கரவர்த்தியைப் பார்த்தார். அவர் நூறு ரூபாய்க் கட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணணுமா? வா, எண்ணலாம். எச்சி இலை பின்னாடி கீது. மாலையோடவே வா."

கையைப் பிடித்து இழுக்காத குறைதான். சக்கரவர்த்தியும் எழுந்து பின்னாலேயே வந்தார். மண்டபத்தின் பின்புறம் மூன்று மணி வெயில். இலைக்குவியல் புளித்து நாறியது. ரசமும் பாயசமும் கலந்து கால்வாயில் ஓடியது. ஈ மொய்த்த சத்தம் தறிச்சத்தம் மாதிரி. ஒரு நாய் அப்பளத்தை இழுத்தது. கிரண் மாலையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி ஓங்கரித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தருமன் குவியலைத்தான் பார்த்தார். குவியலில் பாதி இல்லை. எருமைக்காரப் பாலு ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

குவியலுக்குப் பக்கத்தில் காத்தாயி குத்துக்காலிட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சுருக்குப்பை புடைத்துக்கொண்டிருந்தது.

தருமன் அந்தப் பையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"காத்தாயி. எத்தனை இலைன்னு சொல்லு இவங்களுக்கு."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு இன்னா ண்ணா தெரியும்? நீதான சொல்லுவ எத்தனைன்னு."

"கொட்டை போட்டு வச்சிருக்க இல்ல?"

"போட்டு வச்சிருக்கேன். அது இன்னா சர்க்கார் முத்திரையா?"

இருபத்தெட்டு வருஷம். ஒரு எழுத்து மாறவில்லை. கிரணுக்கும் சக்கரவர்த்திக்கும் புரியவில்லை. தருமனுக்குப் புரிந்தது. மூக்கில் இலைநாற்றம் ஏறியது.

"சந்தவாசல்ல என் கொட்டை பொய் சொல்லிச்சே ண்ணா" என்றாள் காத்தாயி. குரல் உயரவில்லை. "இன்னிக்கு மட்டும் நெசம் சொல்லிடுமா?"

"எதுக்கு இப்ப அந்தப் பழசு..."

"பழசுதான். நீ சொல்லு. அன்னிக்கு எத்தனை இலை?"

கிரண் ஓங்கரிப்பை அடக்கிக்கொண்டு இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இலைக்கணக்கில் ஒரு வாய் சொன்னதில்லை என்று மார்தட்டிய ஆள், கல்யாண மாலையோடு நிற்கிற பையன் முன்னால், சக்கரவர்த்தி முன்னால். தருமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டும் நாறியது.

"எழுநூத்தி எம்பது" என்றார். "எழுநூத்தி எம்பதுதான். ஐநூறுக்குத்தான் குடுத்தேன்."

காத்தாயி தலையை ஆட்டினாள். சுருக்குப்பையை அவிழ்த்துக் கழுவிய கல்மேல் கொட்டினாள். விரலால் ஐந்து ஐந்தாக ஒதுக்கினாள்.

"எழுவத்தாறு கொட்டை. கடைசிக் கூடைல மூணு இலை. எழுநூத்தி அறுவத்து மூணு."

"நான் எழுபத்திரண்டு போட்டேனே?" என்று தருமன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எழுவத்திரண்டு போட்டிருப்ப. நாலாம் பந்தில மூலைல ஒம்போது இலை சும்மா கெடந்துச்சி. இந்தத் தம்பி அவங்க ஆபீசுக்காரங்களுக்குன்னு துண்டு போட்டு எடம் புடிச்சி வச்சிது. அவங்க போட்டோ புடிக்கப் போயிட்டாங்க. இலைல தண்ணிதான் தெளிச்சிருந்துச்சி, சோறு விழல. அது எச்சி இல்ல. அத நான் எண்ணல."

கிரண் மூக்கிலிருந்து மாலையை எடுத்தான். "அப்பா, ஒன்பது பேர்தான். என் டீம். நான்தான் துண்டு போட்டேன்" என்றான். "அவங்க அடுத்த பந்தியிலதான் சாப்பிட்டாங்க."

பின்னாலேயே வந்து நின்றிருந்த அருள்மணி, "பதிவு நானூத்திப் பன்னெண்டுன்னா, மொய்யும் வீட்டுக்கு ஒண்ணா நானூத்தி மூணு விழுந்துருக்கு" என்றார். கேட்காமலே சொன்னார்.

சக்கரவர்த்திக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நாற்றம் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். "உள்ள வா தருமா" என்றார். முன்பணம் நாற்பதாயிரம் போக மீதி தொண்ணூற்றேழாயிரத்து முந்நூற்று நாற்பது. கிரண் போனில் அனுப்புகிறேன் என்றான். "ரொக்கமா குடு" என்றார் தருமன். மொய்ப்பணத்திலிருந்தே வந்தது, ஐந்நூறும் நூறும் ஐம்பதும் பத்துமாக, மஞ்சள் குங்குமம் ஒட்டிய நோட்டுகள். "நீ சொன்னத நான் கேட்டிருக்கணும் தருமா" என்றார் சக்கரவர்த்தி. வேறொரு நாளாக இருந்தால் தருமன் இதற்கு அரைமணி நேரம் பதில் சொல்லியிருப்பார். அன்றைக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார்.

காத்தாயி கைகழுவிக்கொண்டு நின்றாள். இலைக்கு மூன்று ரூபாய். இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது. எண்ணிக் கொடுத்தார். வாங்கி முந்தானையில் முடிந்தாள். முடிந்த கை திரும்பவும் நீண்டது, உள்ளங்கை மேலாக.

தருமன் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அதில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பி அவர் பையிலேயே செருகினாள். கை மறுபடியும் நீண்டது.

"வட்டி நான் கேக்கல. பொடவையும் நான் கேக்கல."

"இருக்கட்டுமே, வச்சிக்கோயேன்..."

"நூத்தி நாப்பது. எண்ணிக் குடு."

தருமன் பையைத் துழாவினார். குங்குமம் ஒட்டிய நோட்டுகளில் பெரிசு பெரிசாக வந்தது. கடைசியில் ஒரு நூறு கிடைத்தது, ஒரு இருபது கிடைத்தது, பத்து இரண்டு கிடைத்தது. கை முழுக்கத் தோல் சுருங்கி, விரல் இடுக்கில் இன்னும் இலைச்சாறு பச்சையாக இருந்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"நூறு" என்றார். "நூத்தி இருவது. நூத்தி முப்பது."

அவள் காத்திருந்தாள்.

"நூத்தி நாப்பது."